வண்டியைப் பிள்ளை ஓட்டட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அங்கன்வாடிப் பணியாளரும் குழு உறுப்பினருமான சகோதரி ஆற்றிய உரை)



"டீச்சர், விழாவுல நீங்களும் கொஞ்ச நேரம் பேசணும், புள்ள வளர்ப்பு பத்தி ஏதாவது சொல்லுங்க"ன்னு செயற்குழுவில் கேட்டாங்க. நடைவண்டி பத்திப் பேசுறேன்னு சொன்னேன். ஒரு அக்கா சிரிச்சுட்டாங்க. "கடன், வட்டி, தவணைன்னு பேசுற இடத்துல நடைவண்டியா?"ன்னாங்க. ஆமாங்க, நடைவண்டிதான். அதுல கடனும் வருது, தவணையும் வருது. கடைசியில சொல்றேன்.

நான் 22 வருஷமா பால்வாடியில வேலை பார்க்கிறேன். மாசாமாசம் எடை போட வர்ற கைக்குழந்தையில இருந்து, ஒண்ணாம் வகுப்புக்குப் போற வரைக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிறேன். முன்னெல்லாம் எடை போட வந்தா, தராசுல உட்கார வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். திமிறி இறங்கி ஓடும். இப்ப நிறையப் பிள்ளைங்க செல்போனைக் கையில கொடுத்தா அசையாம உட்கார்ந்திருக்கு. எனக்கு எடை போடுறது சுலபம்தான். ஆனா ரெண்டு வயசுப் பிள்ளை அசையாம உட்கார்ந்திருக்கிறது எனக்குச் சந்தோஷமா இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயசு முதல் நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளை, நாள் முழுக்கச் சேர்த்து குறைஞ்சது 180 நிமிஷம், அதாவது மூணு மணி நேரம், உடம்பை அசைச்சு விளையாடணும். ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்குச் செல்போன், டி.வி. வேண்டாம். ரெண்டு வயசுக்கு மேல ஒரு மணி நேரத்துக்கு மிஞ்சக் கூடாது. நம்ம வீட்டுக் கணக்கு இதுக்கு நேர் எதிரா இருக்கான்னு ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள பார்த்துக்குங்க.

மூணு மணி நேரம் பிள்ளையை எப்படி ஆட வைக்கிறதுன்னு மலைக்க வேண்டாம். சக்கரம் வச்ச ஒரு சாமானைக் கொடுங்க. மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்.

இது புதுசா வெளிநாட்டுல இருந்து வந்த யோசனை இல்லை. பட்டினப்பாலைன்னு சங்க நூல் ஒண்ணு இருக்கு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்திப் பாடினது. அதுல ஒரு காட்சி வரும். முற்றத்துல காயுற தானியத்தைக் கொத்த வர்ற கோழியை விரட்ட ஒரு பொண்ணு காதுல இருக்கிற கனமான தோட்டைக் கழற்றி எறியுறா. அது போய் வழியில விழுந்து, பிள்ளைங்க உருட்டிட்டு வர்ற மூணு கால் சிறுதேருக்குக் குறுக்கே கிடக்குது. மூணு கால்னா மூணு சக்கரம். அன்னைக்கும் மூணு சக்கரம், இன்னைக்கு நம்ம திருவிழாக் கடையில விக்கிற நடைவண்டிக்கும் மூணு சக்கரம். தங்கத்தோடு நம்ம வீட்டுல இல்லாமப் போகலாம். சிறுதேர் இருக்கலாம் இல்லையா?

இப்ப, அந்த மூணு சக்கரம் பிள்ளைக்கு என்னதான் செய்யுதுன்னு பார்ப்போம்.

பிள்ளை சுவரைப் பிடிச்சு, கட்டிலைப் பிடிச்சு எழுந்து நிக்கும். பக்கவாட்டுல ரெண்டு எட்டு வைக்கும். அந்தச் சமயத்துல நடைவண்டியைக் கொண்டுபோய் முன்னால நிறுத்துங்க. பிடிக்கும். வண்டி நகரும். பயந்து உட்கார்ந்துடும். மறுபடி எழுந்து பிடிக்கும். சுவர் நகராது, வண்டி நகரும், அதுதான் பாடம். வண்டி முன்னால போகுதுன்னா உடம்பை எவ்வளவு சாய்க்கணும், எந்தக் காலை எப்ப எடுக்கணும், இடுப்பை எப்படி நிறுத்தணும்னு அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்குது. விழுந்து எழுந்து கண்டுபிடிக்கிறதால அது உடம்புலயே தங்கிடுது.

இன்னொண்ணு, காரணமும் விளைவும். "நான் தள்ளினேன், அது போச்சு. நான் நிறுத்தினேன், அது நின்னுச்சு." பேச்சு வராத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? தன்னால ஒரு காரியம் நடக்குதுன்னு முதன்முதலா தெரிஞ்சுக்குற இடங்கள்ல இது ஒண்ணு. வண்டி கதவுல போய் முட்டிக்கும். அழும். உடனே ஓடிப்போய்த் திருப்பி விடாதீங்க. பத்து எண்ணுங்க. ஒரு நாள் அதுவே பின்னால இழுத்துத் திருப்பும். அன்னைக்கு அந்த முகத்தைப் பாருங்க. முதல் கடனைக் கட்டி முடிச்ச அன்னைக்கு நம்ம முகம் இருந்த மாதிரி இருக்கும்.

நடக்கிறதுல அவசரமும் வேண்டாம், பக்கத்து வீட்டோட ஒப்பிடவும் வேண்டாம். இந்தியா உட்பட ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கவனிச்சு உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, பிடிக்காம நடக்குறது எட்டு மாசத்துல இருந்து பதினெட்டு மாசத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் வரலாம். நடைவண்டி கொடுத்தா சீக்கிரம் நடந்துடும்னு நான் சொல்லலை. நடக்கப் பழகுறதுக்கு அதுக்கு ஒரு வழி கிடைக்கும்னு சொல்றேன். பதினெட்டு மாசம் தாண்டியும் நடக்கலைன்னா, "அவங்க அப்பனும் அப்படித்தான்"னு சொல்லிட்டு இருக்காம, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. மாவட்ட அளவுல அரசு மருத்துவமனையிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆரம்பத்துலயே பயிற்சி கொடுக்கிற மையம் இருக்கு. எப்படிப் போறதுன்னு உங்க ஊர் பால்வாடி டீச்சரைக் கேளுங்க.

நடக்க வந்த பிறகு அடுத்த வண்டி. உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு காலாலயும் தரையைத் தள்ளிட்டுப் போற சின்ன வண்டி. அதுக்கப்புறம், ஏறக்குறைய மூணு வயசுல, மிதிக்கிற மூணு சக்கர சைக்கிள். மிதிக்கிறது லேசான வேலைன்னு நினைக்காதீங்க. ஒரு கால் அழுத்தும்போது இன்னொரு கால் விடணும், கை திருப்பணும், கண்ணு முன்னால பார்க்கணும். நாலையும் ஒரே நேரத்துல செய்யணும். மரக்குதிரையும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஆடும்போது உள்காதுல இருக்கிற சமநிலை உறுப்புக்கு அது பயிற்சி.

எங்க மையத்துல ஒரே ஒரு மூணு சக்கர சைக்கிள்தான் இருக்கு. வர்ற பிள்ளைங்க பதினாலு. முதல் வாரம் தினம் சண்டை. நான் ஒரு வழி செஞ்சேன். தரையில சுண்ணாம்பால ஒரு ரோடு போட்டேன். ஒரு மூலையில பஸ் ஸ்டாப், ஒரு மூலையில டீக்கடை, ஒரு மூலையில ஆஸ்பத்திரி. ஒருத்தர் ஓட்டினா மத்தவங்க எல்லாரும் சேர்ந்து சத்தமா இருபது எண்ணணும். இருபது முடிஞ்சா இறங்கி அடுத்தவங்களுக்குக் கொடுக்கணும். ரெண்டு மாசத்துல, இருபது வரைக்கும் எண்ணத் தெரியாத பிள்ளை ஒண்ணுகூட இல்லை. நான் கரும்பலகையில எழுதிச் சொல்லிக்கொடுத்ததைவிட இது வேகமா வந்துச்சு. ஏன்னா, தப்பா எண்ணினா தன் முறை தள்ளிப்போகுமே!

எண்ணிக்கை மட்டுமா? "இடது பக்கம் திரும்பு", "மெதுவா", "தள்ளிப்போ", "டிக்கெட் எடுத்தாச்சா?", "நான் பின்னால உட்காரட்டுமா?" இப்படி வார்த்தை கொட்டுது. வாயே திறக்காத ஒரு பையன், கண்டக்டர் ஆனப்பத்தான் முதல் தடவை சத்தமாப் பேசினான். விட்டுக்கொடுக்கிறது, காத்திருக்கிறது, அடுத்தவன் விழுந்தா தூக்கிவிடுறது, இதெல்லாம் ஒரு சைக்கிளும் பதினாலு பிள்ளைங்களும் இருந்ததால வந்தது. பதினாலு சைக்கிள் இருந்திருந்தா வந்திருக்காது. நம்ம குழுவுலயும் அப்படித்தானே? இருக்கிற பணம் கொஞ்சம், கேட்கிறவங்க பன்னிரண்டு பேர். அதனாலதான் நமக்கு முறை வச்சுக் கடன் கொடுக்கிற பழக்கம் வந்தது.

சரி, எல்லா வண்டியும் ஒண்ணுதானா? இல்லை. கடைக்குப் போனா கண்ணைப் பறிக்கும். அங்க நீங்க ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: இந்த வண்டியைப் பிள்ளை ஓட்டுமா, இல்ல, பிள்ளையை வண்டி ஓட்டுமா?

வாக்கர்னு சொல்லி, வட்டமா, நடுவுல பிள்ளையைத் தொங்க உட்கார வைக்கிற சாமான் ஒண்ணு விக்குது. பிள்ளை நுனிக்காலால எக்கி எக்கித் தள்ளும். தன் உடம்பு எடையைத் தான் தாங்குறது இல்லை. விழுந்து எழுந்து பழகுறதும் இல்லை. ஆனா வேகமா ஓடும். வாசப்படி, அடுப்பு, தண்ணித்தொட்டின்னு நாம எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள போயிடும். குழந்தை மருத்துவர்கள் இதை வாங்காதீங்கன்னு பல வருஷமா சொல்றாங்க. கனடா நாட்டுல 2004-ல் இதை விக்கிறதையே தடை பண்ணிட்டாங்க. நம்ம நடைவண்டி அப்படி இல்லை. பிள்ளை பின்னால தன் காலில் நிக்குது, தானே பிடிக்குது, கையை விட்டா உட்கார்ந்துடலாம்.

அடுத்து, பேட்டரி கார். ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றேன், பேர் வேண்டாம். மகளும் மருமகனும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. பேரன் பாட்டிகிட்ட வளர்றான். அம்மா அப்பா பக்கத்துல இல்லாத பிள்ளைன்னு அவங்களுக்கு மனசு தாங்கலை. முதல் பிறந்தநாளுக்கு உள்கடன் 8,000 ரூபாய் எடுத்து ரிமோட் வச்ச பேட்டரி கார் வாங்கினாங்க. பிள்ளை உட்கார்ந்திருக்கும், தாத்தா பட்டனை அழுத்துவார், கார் போகும். மூணாம் மாசம் பேட்டரி போச்சு. தவணை பத்து மாசம் போச்சு. அந்த அம்மாவை நான் குறை சொல்லலை. அவங்க வாங்கினது கார் இல்லை, பாசம். ஆனா அதே வீட்டு வாசல்ல கிணறு திறந்து கிடந்ததால, பையனை நாள் முழுக்க இடுப்பை விட்டு இறக்காமலே வச்சிருந்தாங்க. பதினாறு மாசம் ஆகியும் நடக்கலைன்னு டாக்டர்கிட்ட போனாங்க. "குறை ஒண்ணும் இல்லை, தரையில விடுங்க"ன்னார் டாக்டர். கிணத்துக்குக் கம்பிவலை போட்டு, வாசலைச் சமன் பண்ணி, பழைய நடைவண்டி ஒண்ணைக் கொண்டுவந்து விட்டோம். இப்ப அவனைப் பிடிக்க ரெண்டு ஆள் வேணும். 8,000 ரூபாயில செய்ய முடியாததை ஒரு கம்பிவலையும் பழைய வண்டியும் செஞ்சுச்சு.

அடுத்து நான் சொல்லப்போறதுக்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். நம்ம பெண்பிள்ளைகள் விஷயம்.

பிள்ளைத்தமிழ் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல கடைசிப் பருவம் சிறுதேர். பெண்பால் பிள்ளைத்தமிழ்ல அது கிடையாது. அங்க அம்மானை, நீராடல், ஊசல். தேர் தம்பிக்கு, ஊஞ்சல் தங்கச்சிக்கு. தேர் ஊரைச் சுத்தி வரும். ஊஞ்சல் எவ்வளவு ஆடினாலும் அதே இடத்துக்குத்தான் வரும். புலவர்களைக் குறை சொல்ல வரலை. ஊர் வழக்கத்தைத்தான் பாடினாங்க. ஆனா இன்னைக்கும் எத்தனை வீட்டுல பையனுக்குச் சைக்கிள், பொண்ணுக்குச் சொப்புச் சாமான்? "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வண்டி, கை கால் உடைஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பா?"ன்னு சொல்ற குரல் நம்ம தெருவுலயே கேட்கலையா?

இதை நாம புதுக்கோட்டை மாவட்டத்துல இருந்துகிட்டுப் பேசுறோம். 1991-ல் இங்க அறிவொளி இயக்கம் தொடங்கினப்ப, ஆட்சியரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்துக் கத்துக்கிறதோட பெண்கள் சைக்கிளும் கத்துக்கணும்னு சொன்னாங்க. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகள்கிட்டயும் பேசினாங்க. கல் உடைக்கிறவங்க, வயல் வேலை செய்றவங்க, கிராம செவிலியர்கள், ஆசிரியைகள்னு பல்லாயிரம் பெண்கள் சைக்கிள்ல ஏறினாங்க. கேலி பேசினாங்க, சாடை சொன்னாங்க, அதையும் மீறி ஏறினாங்க. இந்தக் கூட்டத்துலயும் அப்படி ஏறினவங்க இருக்கீங்க. என் சித்தி 34 வயசுல கத்துக்கிட்டாங்க. முழங்கால்ல இன்னும் தழும்பு இருக்கு. "விழறதுக்குப் பயம் இல்லடி, இந்த வயசு வரைக்கும் உடம்பு சக்கரத்து மேல இருந்ததே இல்ல, அதான் நடுங்குச்சு"ம்பாங்க.

34 வயசுல நடுங்கி நடுங்கிக் கத்துக்கிட்டதை மூணு வயசுல சிரிச்சுக்கிட்டே கத்துக்கலாம். சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச அம்மாவோட மகளுக்கும், பேத்திக்கும் வாசல்ல ஒரு வண்டி இல்லைன்னா, நாம பாதி வழியில இறங்கிட்டோம்னு அர்த்தம். மையத்துல நான் முறை வைக்கும்போது பெண்பிள்ளை, ஆண்பிள்ளை மாத்தி மாத்தித்தான் பேர் கூப்பிடுவேன். வீட்டுலயும் அப்படிச் செய்யுங்க.

பாதுகாப்பு பத்தி நாலு வார்த்தை. பிள்ளை வண்டியில இருக்கும்போது பெரியவங்க ஒருத்தர் கண்பார்வையில இருக்கணும். ரோட்டுப் பக்கம், சரிவு, படிக்கட்டு, மூடாத தொட்டி, கிணறு இருக்கிற இடத்துல விடவே கூடாது. துப்பட்டா, நீளப் பாவாடை, இடுப்புக்கயிறு தொங்கல் எதுவும் சக்கரத்துல மாட்டாம கட்டி விடுங்க. ஆணி நீட்டிக்கிட்டு இருக்கா, சிலாம்பு இருக்கா, அச்சு ஆடுதான்னு வாரம் ஒரு தடவை கையால தடவிப் பாருங்க. கடையில வாங்கினா ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. பதினாலு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். தச்சர்கிட்ட செய்யச் சொன்னா, அடிப்பக்கம் அகலமா, கனமா இருக்கணும், கைப்பிடி பிள்ளையோட இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வரணும்னு சொல்லுங்க. பிள்ளை வாயில வைக்கும், அதனால பெயின்ட் வேண்டாம், மரம் மரமாவே இருக்கட்டும். வண்டி ரொம்ப வேகமா ஓடினா, துணியில ஒரு செங்கல்லைச் சுத்தி முன்னால கட்டிடுங்க, நிதானமாப் போகும்.

காசு இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கு. நுங்கு வண்டி, பழைய டயரும் குச்சியும், தென்னைமட்டையில ஒருத்தரை உட்கார வச்சு இன்னொருத்தர் இழுக்கிறதுன்னு நாம விளையாடினது எல்லாம் இதே பாடம்தான். அதைக் கேவலம்னு நினைச்சு நிறுத்தாதீங்க.

இப்ப, கடைசியில சொல்றேன்னு சொன்ன கணக்குக்கு வர்றேன். எங்க ஊர் தச்சர் ஒரு நல்ல நடைவண்டிக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். ஒரு பிள்ளைக்கு அது ஆறேழு மாசம், மிஞ்சினா எட்டு மாசம் தேவைப்படும். அப்புறம் பரண்ல போட்டுடுவோம். நல்ல மரமா இருந்தா வண்டி பத்து வருஷம் உழைக்கும்னு வச்சுக்குவோம். பத்து வருஷம்னா 120 மாசம். எட்டு எட்டு மாசமா பதினைஞ்சு பிள்ளைங்க நடக்கலாம். ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய்தான் ஆகுது. நாம சுழல்நிதி வச்சிருக்கோம் இல்லையா? அது மாதிரி சுழல்வண்டி வச்சுக்கலாம். வாங்குற வீடு மாசம் பத்து ரூபாய் பராமரிப்புக்குக் கொடுத்தா, பத்து வருஷத்துல 1,200 ரூபாய் சேரும். சக்கரம் மாத்த, அச்சு மாத்த அது போதும்.

அதனால, அடுத்த மாசக் கூட்டத்துல மூணு தீர்மானம் வைக்கணும்னு கேட்டுக்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் ரெண்டு நடைவண்டியும் ஒரு மூணு சக்கர சைக்கிளும் வாங்கி, கடன் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டு, முறை வச்சுக் கொடுக்கணும். ரெண்டு, அந்த வேலையை நம்ம ஊர் தச்சருக்கே கொடுக்கணும்; இழைக்க, தேய்க்கக் கத்துக்க விரும்புற நம்ம உறுப்பினர்களைச் சேர்த்துக்கிட்டா அதுவே ஒரு தொழில் ஆகலாம். மூணு, நம்ம மாதாந்திரக் கூட்டம் நடக்கிற இடத்துல ஒரு மூலையைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கி, அந்த வண்டியை அங்க விட்டு, முறை வச்சு ஒரு உறுப்பினர் பார்த்துக்கணும். நாம சேமிப்பு எண்ணுற ரெண்டு மணி நேரம் பிள்ளை செல்போன் பார்க்க வேண்டாம்.

பதிவேட்டுல முதல் பேர் ஒரு பெண்பிள்ளை பேரா இருக்கட்டும்.